தூண் பங்களா நூலகமானால்: நீலகிரியின் பழைய மாளிகைகளைப் பராமரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள் சில இன்று கல்லூரியாகவும் அருங்காட்சியகமாகவும் நூலகமாகவும் அரசு விருந்தினர் மாளிகையாகவும் இருக்கின்றன. அவற்றின் சாவி பெரும்பாலும் ஒரு நூலகரிடமோ தலைமையாசிரியரிடமோ அலுவலக உதவியாளரிடமோ இருக்கும். கட்டடத்தைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். பொறியாளர் வருவதற்கு முன் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே தொகுத்திருக்கிறோம். தண்ணீரையும் சுண்ணாம்பையும் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம். இந்த மலையில் பழைய வீடுகள் கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டில் ஏதோ ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால்தான்.

எங்கள் கட்டடத்தை 'நியோகிளாசிக்கல்' என்கிறார்கள். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?

பழைய கிரேக்க, ரோமானியக் கோயில்களின் அமைப்பை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர்கள் மீண்டும் கையிலெடுத்தார்கள். அந்தப் பாணிக்குத்தான் இந்தப் பெயர். வாசலுக்கு நேர் எதிரே நின்று பாருங்கள். வாசல் நடுவில் இருக்கும், இரண்டு பக்கமும் சன்னல்கள் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும். முன்னால் தூண் வரிசை, தூண்களின் மேல் நேரான உத்தரம், சில வீடுகளில் அதற்கும் மேலே தாழ்வான முக்கோண முகப்பு. தூணின் தலையில் வெறும் வளையமும் பலகையும் மட்டும் இருந்தால் டோரிக் அல்லது டஸ்கன். ஆட்டுக் கொம்புபோல் இரண்டு சுருள் இருந்தால் அயோனிக். இலைக்கொத்து இருந்தால் கொரிந்தியன்.

வளைவு கூராக முடிந்தால் அது கோதிக் பாணி. 1860களில் நூலகமாகவே கட்டப்பட்ட ஊட்டி நீலகிரி நூலகத்தில் அதைக் காணலாம். ஆனால் மலை வீடுகள் ஒரே பாணியில் நிற்பது குறைவு. முகப்பில் ரோமானியத் தூண் இருக்கும், பின்பக்கம் சாய்வான ஓட்டுக் கூரையும் கண்ணாடி வராந்தாவும் இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் தன் காலத்தில் ஒரு பகுதியைச் சேர்த்திருக்கும். அந்தச் சேர்க்கையும் வரலாறுதான். 'அசல் பாணிக்குக் கொண்டுவருகிறோம்' என்று சொல்லி அதை இடித்துவிடாதீர்கள்.

நீலகிரியில் வீடாகப் பிறந்து பொது இடமாக மாறியவை எவை?

முதலில் சொல்ல வேண்டியது ஊட்டியின் கல் பங்களா. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கியது. ஊட்டியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு அதுதான். 1955-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இன்று அது இருக்கிறது. சல்லிவன் அதற்கு முன்பே கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் கட்டிய பெத்தகல் பங்களா, பழுதுபார்க்கப்பட்டு அவர் நினைவகமாகவும் நீலகிரி வரலாற்று அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. ஜோத்பூர் அரசக் குடும்பத்தின் ஆரன்மோர் மாளிகை 'தமிழகம்' என்ற பெயரில் அரசு விருந்தினர் மாளிகையாக இருக்கிறது. சர் வில்லியம் ரம்போல்டு 1830களில் கட்டிய வெள்ளைத் தூண் மாளிகைதான் ஊட்டி கிளப். அது தனியார் கிளப்பாகவே நீடிப்பதால் எல்லாரும் உள்ளே போக முடியாது. ஆனாலும் மலையில் தூண் முகப்பு எப்படி இருந்தது என்பதற்கு அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

ஆவணம் எதுவும் இல்லை. கட்டடத்தின் வயதை எப்படிக் கணிப்பது?

பொருள்கள் ஓரளவு சொல்லும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865-ல்தான் தொடங்கியது. ஆகவே 1830-ல் கட்டிய வீட்டில் மங்களூர் ஓடு இருந்தால், அது பிறகு மாற்றிய கூரை. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் பதிந்திருக்கும். கூரை மரத்தில் உள்ள ஆணி சதுரமாக இருந்தால் பழையது, உருண்டையான கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. நீளமான இரும்பு உத்தரங்களையும் அவற்றுக்கிடையே செங்கல் வளைவுகளையும் கண்டால் பாதையும் ரயிலும் வந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் வந்தது.

சுவரில் இருப்பது சுண்ணாம்பா சிமென்டா?

கண்ணில் படாத ஒரு மூலையில் ஆணியால் கீறுங்கள். வெண்மையாக, மாவுபோல் உதிர்ந்தால் சுண்ணாம்பு. ஆணி வழுக்கிச் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் சிமென்ட். விரல் கணுவால் தட்டியும் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு மங்கலாக ஒலிக்கும். சுவரை விட்டு விலகிய சிமென்ட் பூச்சு காலிப் பானைபோல் ஒலிக்கும். பல கட்டடங்களில் இரண்டும் இருக்கும்: இடுப்பளவுக்குக் கீழே யாரோ பூசிய சிமென்ட், அதற்கு மேலே பழைய சுண்ணாம்பு.

இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசினால் ஓதம் நின்றுவிடும் என்கிறார் எங்கள் ஒப்பந்ததாரர். பூசலாமா?

கூடாது. பழைய வீடுகளில் அதிகம் கெடுதல் செய்தது இந்த ஒரு வேலைதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

இந்தச் சுவர்கள் கல்லையும் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தில் வைத்து எழுப்பியவை. அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறும். ஆனால் பூச்சு மெல்லிய துளைகள் உள்ள சுண்ணாம்பு என்பதால், ஏறிய ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். ஏறுவதும் காய்வதும் சமமாக இருக்கும்வரை சுவருக்குக் கேடில்லை. அதன்மேல் சிமென்ட் பூசினால் காயும் வழி அடைபடும். ஈரம் உள்ளேயே மேலே நகர்ந்து சிமென்ட் முடியும் இடத்தில் வெளியே வரும். முதல் ஆண்டு சுவர் காய்ந்துவிட்டதுபோலத் தெரியும். இரண்டாம் மூன்றாம் மழைக்குப் பிறகு சிமென்ட் விளிம்புக்கு ஒரு சாண் மேலே உப்புக் கோடு பூக்கும். அதற்குள் சிமென்டின் பின்னால் இருக்கும் பழைய சாந்து ஈரத்தில் இளகி மண்போல் ஆகியிருக்கும். சிமென்ட் பலகையாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

ஏற்கெனவே பூசியிருந்தால், தட்டினால் காலியாக ஒலிக்கும் பகுதியை மட்டும் முதலில் எடுங்கள். சிற்றுளியைச் சுவருக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும், நேராகக் குத்தக் கூடாது. பிரேக்கர் இயந்திரம் வேண்டவே வேண்டாம். எடுத்த பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேயே போகும்.

சுண்ணாம்புச் சாந்து தயாரிப்பது எப்படி? அளவு என்ன?

நீலகிரியில் சுண்ணாம்புக்கல் இல்லை. சுட்ட சுண்ணாம்பு கீழிருந்துதான் வர வேண்டும். மலைப்பாதையில் மழை பிடித்து மூட்டை நனைந்தால் சுண்ணாம்பு கொதித்துச் சாக்கில் தீயே பிடிக்கலாம். தார்ப்பாயால் மூடாத லாரியில் ஏற்றாதீர்கள். இறக்கியதும் காற்றுப்படாத இடத்தில் வைத்து, ஓரிரு நாளில் தாளித்துவிடுங்கள், அதாவது தண்ணீரில் போட்டு நீற்றிவிடுங்கள். பழைய சுண்ணாம்பு காற்றிலேயே பூத்து வலுவிழக்கும்.

தாளிப்பதற்குச் செங்கல் தொட்டியோ இரும்பு டிரம்மோ வேண்டும். பிளாஸ்டிக் டிரம் சூட்டில் இளகும். முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு. 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீர். கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீண்ட மண்வெட்டிக் காம்பால் கிளறுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் யாரையும் அருகே விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கொதி அடங்கியதும் மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற விடுங்கள். குறைந்தது ஒரு மாதம், மூன்று மாதம் என்றால் நல்லது. ஊறிய சுண்ணாம்பு வெண்ணெய்போல் இருக்கும், கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழுக்கி விழும். ஊறாமல் அவசரப்பட்டால், நீறாத துகள்கள் பூச்சுக்குள் இருந்து ஆறு மாதம் கழித்து நீறி, அம்மைத் தழும்புபோல் சிறு குழிகளாகத் தெறிக்கும்.

உள்சுவர்ப் பூச்சுக்கு 1 பங்கு ஊறிய சுண்ணாம்பு, 3 பங்கு கழுவிய மணல். மழை அடிக்கும் வெளிச்சுவருக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 1 பங்கு சுர்க்கி, 2 பங்கு மணல். சுர்க்கி என்பது குறைவான சூட்டில் வெந்த செங்கல்லின் தூள், அது சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். 100 சதுர அடிக்கு 20 மி.மீ. கனத்தில் 1:3 சாந்து பூச ஏறக்குறைய 60 லிட்டர் ஊறிய சுண்ணாம்பும் ஆறரைக் கன அடி மணலும் பிடிக்கும். அந்த 60 லிட்டருக்கு 30 கிலோ அளவு சுட்ட சுண்ணாம்பு வாங்க வேண்டியிருக்கும். சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது கொத்தனாரின் கைப்பழக்கம். நசுக்கிய கடுக்காயை ஊறவைத்து, தண்ணீர் கட்டன் தேநீர் நிறத்துக்கு வந்ததும் வடித்து வெல்லம் கலந்து, அந்த நீரில் சாந்தைப் பிசைவார்கள். சாந்து சீக்கிரம் காயாமல் கரண்டிக்கு இணங்கி வரும். அளவு ஊருக்கு ஊர் மாறும், வெல்லம் கூடினால் இறுகுவதே தாமதமாகும். எனவே முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசிப் பாருங்கள்.

எந்த மாதத்தில் பூச வேண்டும்?

பிப்ரவரி கடைசியிலிருந்து மே நடுப்பகுதிவரை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். ஈரச் சாந்துக்குள் தண்ணீர் உறைந்தால் பூச்சு பொருபொருவென்று உதிர்ந்துவிடும். 5 டிகிரிக்குக் கீழே போகும் இரவு எதிர்பார்க்கப்பட்டால் வேலையைத் தள்ளி வையுங்கள். கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்கு மழை பலமாக அடிக்கும். கோத்தகிரி, குன்னூரில் அக்டோபருக்குப் பிந்தைய வடகிழக்கு மழைதான் பலம். உங்கள் ஊர் மழையைக் கணக்கில் வையுங்கள்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு பூச்சு 10 முதல் 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. முதல் பூச்சின் மேற்பரப்பு கெட்டிப்பட்ட பின் அடுத்தது; முழு ஆழமும் இறுகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூசிய பிறகு இரண்டு வாரம் ஈரச் சாக்கு கட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஏப்ரல் வெயில் நேரே அடிக்கும் சுவரில் சாக்கு இல்லாவிட்டால் ஒரே நாளில் மயிரிழை விரிசல் வலையாக ஓடிவிடும்.

முகப்புத் தூணில் விரிசல் விட்டிருக்கிறது. விழுந்துவிடுமா?

விரிசலின் திசை முக்கியம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பார்ப்பதற்குக் கல் தூண்போல் இருந்தாலும், இங்குள்ள தூண்களில் பலவும் வட்டமாக அடுக்கிய செங்கல், அதன்மேல் 25 முதல் 40 மி.மீ. கனச் சுண்ணாம்புப் பூச்சு. மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள்.

வலைபோல் மெல்லிய கீறல்கள் பூச்சோடு நிற்பவை, பயமில்லை. தூணின் அடியில், தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்தில் பூச்சு உப்பியிருந்தால் அது ஓதம். பெரும்பாலும் வராந்தாவில் பிற்காலத்தில் போட்ட சிமென்ட் தளமோ டைல்ஸோ தூணைச் சுற்றி இறுக்கியிருக்கும். தூணைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தளத்தை எடுத்துச் சுண்ணாம்பும் சரளையும் நிரப்பினால் ஈரம் அங்கேயே வெளியேறும்.

மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஓடும் விரிசலில் பழுப்புக் கறை வடிந்தால், உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது என்று பொருள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு தூணை உள்ளிருந்து பிளக்கும். கொடிக்கம்பி, விளக்கு, பெயர்ப்பலகை மாட்ட அடித்த இரும்புக் கொக்கிகளே பல இடங்களில் இதற்குக் காரணம். அவற்றைக் கழற்றுங்கள். தேவை இருந்தால் துருப்பிடிக்காத எஃகை சுண்ணாம்பில் பதியுங்கள்.

தூணின் நடுவில் ஒரு பக்கம் நசுங்கி, எதிர்ப்பக்கம் குறுக்கு விரிசல் திறந்திருந்தால் பாரம் நகர்ந்திருக்கிறது. அன்றே கயிறு கட்டி ஆட்களை விலக்குங்கள். கட்டமைப்புப் பொறியாளர் வந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்காமல் பூச்சைக்கூடத் தொடாதீர்கள்.

ஓடுகிற விரிசலா நின்ற விரிசலா என்று அறிய, விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் சிறு கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே இரண்டு புள்ளி வைத்து அவற்றின் இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் குறியுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளந்த நோட்டு கையில் இருந்தால் பொறியாளரின் வேலை பாதி குறையும்.

பூச்சை மீண்டும் ஏற்றும்போது தூணின் வடிவம் தப்பிவிடும் ஆபத்து உண்டு. தூண் அடியிலிருந்து மேலே போகப் போக மெதுவாக ஒடுங்கும், அதுவும் நேர்கோட்டில் அல்ல, மெல்லிய வளைவில். கெடாத தூணின் மேல் அட்டையை வைத்து அந்த வளைவை வரைந்து, தகரத்தில் வெட்டிச் சட்டத்தில் அடித்து, ஈரப் பூச்சின்மேல் இழுக்க வேண்டும். மட்டக்கட்டையை வைத்து நேராக இழுத்தால் தூண் புகைபோக்கிபோல் நிற்கும்.

மழையில் உள்கூரை ஒழுகுகிறது. ஓடெல்லாம் மாற்றினோம், நிற்கவில்லை.

ஒழுகலை ஓட்டில் தேடுவதற்கு முன் தூம்பில், அதாவது கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் தேடுங்கள். இந்த முகப்புகளில் கூரை வெளியே தெரியக் கூடாது என்பதற்காகக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் மறைவாக ஒரு தூம்பு வைத்திருப்பார்கள். கற்பூர மர இலையும் சைப்ரஸ் சருகும் அதில்தான் சேரும். தூம்பு அடைத்துத் தண்ணீர் நிரம்பினால், வெளியே வழிய வழியில்லாமல் உள்பக்கம் கூரை மரத்தின் முனைகளை நனைக்கும். அந்த முனைகள் சுவருக்குள் இருப்பதால் அழுகுவது தெரியாது. உள்கூரையில் கறை வரும்போது நாலைந்து மழைக்காலம் கடந்திருக்கும்.

மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை தூம்பைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஒரு குடம் தண்ணீரை உயர்ந்த முனையில் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். 100-க்கு 1 அளவாவது சாய்வு இருக்க வேண்டும். இறங்கு குழாயின் எண்ணிக்கையும் முக்கியம். மணிக்கு 100 மி.மீ. மழை அடித்தால், 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் 42 சதுர மீட்டர் கூரையின் தண்ணீரைத்தான் இறக்கும். 200 சதுர மீட்டர் கூரைக்கு ஐந்து குழாய் வேண்டும், பல கட்டடங்களில் இரண்டே இருக்கும். கைப்பிடிச் சுவரில் தூம்பின் மேல்விளிம்புக்குச் சற்றுத் தாழ்வாக ஒரு வழிவுத் துளை போட்டு வையுங்கள். அடைப்பு வந்தால் தண்ணீர் அதன் வழியே வெளியே கொட்டி உங்களை எச்சரிக்கும். மறைவுத் தூம்பின்மேல் தகரக் கூரை போட்டு மூடுவது பிரச்சினையைக் கண்ணுக்கு மறைக்குமே தவிரத் தீர்க்காது.

சுவரடியில் என்ன கவனிக்க வேண்டும்?

வெளித்தரை, உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். பூந்தொட்டி, தோட்ட மண், தார் ரோடு என்று ஆண்டுக்காண்டு வெளித்தரை உயர்ந்துகொண்டே வரும். சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு 50-க்கு 1 சாய்வு வெளிநோக்கி இருக்கட்டும். மரத்தரை உள்ள வீடுகளில் பேஸ்மட்டத்தில் சிறு காற்றுத் துளைகள் இருக்கும். எலி வருகிறது என்று அவற்றைச் சிமென்ட் வைத்து அடைத்த இடங்களில் தரை மரம் அடியிலிருந்தே பூஞ்சை பிடித்து அழுகும். துளையில் கம்பி வலை அடியுங்கள், அது போதும். மரத்தில் ஈரமானி 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அழுகல் தொடங்கும் அளவு அது.

எந்தப் பெயிண்ட் அடிக்கலாம்?

சுண்ணாம்புப் பூச்சின் மேல் சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் எமல்ஷனும் சுவர்ப் புட்டியும் சிமென்டைப் போலவே ஈரத்தை அடைக்கும், ஒரு மழையில் கொப்புளம் கிளம்பும். ஊறிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடித்து, சுவரை நனைத்து நாலைந்து மெல்லிய பூச்சு அடியுங்கள். கொஞ்சம் நீலம் சேர்த்தால் மஞ்சளடிக்காது. அடித்த அன்று கண்ணாடிபோல் ஈரச்சாயலாகத் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். அதைப் பார்த்து முதல் நாளே கெட்டியாக அடித்தால் உரிந்து கொட்டும்.

மாடியில் மரத்தரை. புத்தக அலமாரிகளை மேலே வைக்கலாமா?

கணக்குப் போடாமல் வைக்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரம். புத்தகக் கிடங்குக்கு 2.2 மீட்டர் உயரம்வரை 600 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னும் 200 கிலோ. படுக்கையறையாகக் கட்டிய தரை மூன்று மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும். புத்தகக் கிடங்கைக் கீழ்த்தளத்தில், மண்மேல் அமர்ந்த தரையில் வையுங்கள். மாடியை வாசிப்பறையாக்குங்கள். மேலே வைத்தே ஆக வேண்டுமென்றால், அலமாரிகளைச் சுவரோரமாக, தரைச்சட்டங்களுக்குக் குறுக்காக வையுங்கள், பாரம் பல சட்டங்களில் பிரியும். அறையின் நடுவே முதுகோடு முதுகாக நிறுத்துவதுதான் மிக மோசமான இடம்.

புத்தகத்திலும் படங்களிலும் பூஞ்சை பிடிக்கிறது.

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். ஒரு சின்ன ஈரப்பதமானியை அறையின் குளிர்ந்த மூலையில் வையுங்கள், வாசலருகே அல்ல. அலமாரி வெளிச்சுவரிலிருந்து 10 செ.மீ. விலகி நிற்கட்டும். வெயில் உள்ள நாளில் பகல் 11 முதல் 3 வரை எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மேகம் இறங்கும் முன் மூடுங்கள்.

ஈரமுறிஞ்சி இயந்திரம் வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்சாதனம்போல் இயங்குபவை, 15 டிகிரிக்குக் கீழே அவை சரியாகத் தண்ணீர் இழுக்காது. ஊட்டி இரவுகளுக்கு உலர்த்தித் துகள் சக்கரம் உள்ள (டெசிக்கன்ட்) வகையே உதவும். பூஞ்சை பிடித்த புத்தகத்தைத் தனியறையில், முகக்கவசம் போட்டு, காய்ந்த பிறகே மென்தூரிகையால் துடைக்க வேண்டும். ஈரத்தில் துடைத்தால் கறை காகிதத்துக்குள் இறங்கும்.

பழைய கணப்பைப் பயன்படுத்தலாமா?

பொது இடத்தில் வேண்டாம். ஆனால் புகைபோக்கியை முழுக்க அடைக்காதீர்கள். மேலே மழை மூடியும் பறவை வலையும் போட்டு, கீழே சிறு காற்றுத் துளை விடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சுவர் உள்ளே புழுங்கி ஓதமடிக்கும்.

ஒயரிங்கை எப்படிப் போடுவது?

சுண்ணாம்புச் சுவரைக் கீறிக் குழாய் புதைக்காதீர்கள். கார்னிஸின் (சுவர் உச்சியில் துருத்தி நிற்கும் அலங்கார விளிம்பு) மேல்விளிம்பிலும் கதவுச் சட்ட ஓரத்திலும் மேற்பரப்புக் குழாயாகக் கொண்டுபோனால் கண்ணுக்கு உறுத்தாது, பின்னாளில் கழற்றவும் முடியும். பழைய துணி, ரப்பர் உறை ஒயர் கூரைக்குள் எங்கேனும் இருந்தால் உடனே துண்டித்து எடுத்துவிடுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு முறிப்பான் (RCCB) ஒவ்வொரு பிரிவுக்கும் தேவை. மின்தீக்குக் கார்பன்-டை-ஆக்சைடு தீயணைப்பானை வையுங்கள்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் முகப்பைக் கெடுக்காதா?

பக்க வராந்தா வழியாகப் போட்டால் கெடுக்காது. சாய்வு 12-க்கு 1. பேஸ்மட்டம் 60 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வேண்டும், அகலம் 1.2 மீட்டர். பழைய படியோடு சேர்த்துக் கான்கிரீட் ஊற்றாமல், இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தனியே நிற்கும்படி செய்யுங்கள். அந்த வழியே எல்லாரும் வரும் வழியாகவும் இருந்தால் இன்னும் நல்லது. பின்கட்டுக் குப்பைத் தொட்டிப் பக்கம் சாய்தளத்தைத் தள்ளுவது, வருபவரை அவமதிப்பது.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அரசுக் கட்டடம் என்றால் பொதுப்பணித் துறை வழியாகத்தான் வேலை நடக்கும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் உள்ள கிராமங்களில் கட்டுமானத்துக்கும் மண் வெட்டுவதற்கும் அதன் இசைவு வேண்டும். தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் 2012-ல் வந்தது, உங்கள் கட்டடம் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் அருகில் இருந்தால், 100 மீட்டருக்குள் புதுக்கட்டுமானம் தடை, அதற்கு மேல் 200 மீட்டருக்கு ஒழுங்குமுறை. சுண்ணாம்பு அடிப்பதும் தூம்பு சுத்தம் செய்வதும் எவரிடமும் கோப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டியவை அல்ல.

கரடி கதவை உடைக்கிறது. என்ன செய்வது?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்கு வரும். அலுவலகத்தில் விளக்கெண்ணெய், சமையல் எண்ணெய், தின்பண்டம் எதையும் இரவில் வைக்காதீர்கள். பழைய தேக்குக் கதவு ஒருமுறை பிளந்தால் அதே மாதிரி மரம் கிடைப்பது கடினம்.

ஒப்பந்தம் விடும்போது என்ன எழுத வேண்டும்?

சதுர அடிக் கணக்கில் சுண்ணாம்பு வேலையை விட்டால் அவசரத்தில் சிமென்ட் கலந்துவிடுவார்கள். 'கொஞ்சம் சிமென்ட் போட்டால் சீக்கிரம் இறுகும்' என்பார்கள். அந்தக் கொஞ்சமே சுண்ணாம்பின் இணக்கத்தைக் கெடுத்துவிடும். எனவே ஒப்பந்தத்தில் நான்கு வரி எழுதுங்கள்: சிமென்ட் வளாகத்துக்குள் வரக் கூடாது, சுண்ணாம்பு குறைந்தது 30 நாள் ஊற வேண்டும், இரண்டு பூச்சுக்கு இடையே இத்தனை நாள், 14 நாள் ஈரச் சாக்கு. கொத்தனாருக்கு நாள் கூலியாகக் கொடுங்கள். பின்சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரி பூசச் சொல்லி, ஒரு மாதம் பார்த்து, தட்டிப் பார்த்து, கீறிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே முகப்பில் சாரம் கட்ட விடுங்கள். அந்த மாதிரியை வேலை முடிந்த பிறகும் அழிக்காமல் தேதி எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து வரும் கொத்தனார் எந்தக் கலவையில் பூச வேண்டும் என்பதை அந்தச் சுவரைக் கீறியே தெரிந்துகொள்வார்.